வெளியே போகும் பட்டன்

சரவணம்பட்டியில் எங்கள் குடியிருப்பு லிஃப்ட் பாதியில் நின்றபோது, என்னோடும் நான்கு வயது மகளோடும் மாட்டிக்கொண்ட பெண்ணுக்கு வீடியோ கேம்களைச் சோதித்துப் பார்ப்பது வேலை. லிஃப்டின் ஒவ்வொரு பட்டனையும் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். மகள் வீறிட்டு அழுதாள்.

“போன்ல கேம் கொடுக்கலாங்களா? இதுவரைக்கும் கொடுத்ததில்லீங்க,” என்றேன்.

“பழைய கேம்ல மூணு உயிர் போனா முடிஞ்சுதுங்க, எந்திரிச்சுப் போயிரலாம். இப்ப முடிவே கெடையாதுங்க. வெளிய போற பட்டனைச் சட்டுனு கண்டுபுடிச்சுட்டா, அது தப்புன்னு நாங்க எழுதிக் கொடுக்கோணும்.”

“உங்க குழந்தைக்குக் கொடுப்பீங்களா?”

“அழுதா கொடுத்துப்போடுவேனுங்க,” என்று சிரித்தார்.

கணவர் என் போனில் போட்டுவைத்திருந்த கேமைக் கொடுத்தேன். அழுகை நின்றது.

கதவு திறந்த பிறகும் மகள் தரையிலிருந்து எழவில்லை. அந்தப் பெண் குனிந்து, திரையைப் பார்க்காமலே ஒரு மூலையைத் தொட்டுக் கேமை நிறுத்திவிட்டு, வேகமாகப் போய்விட்டார். அது எந்த மூலை என்று தினமும் மகளின் தோளுக்கு மேலாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.