காப்பு நூலும் டைமிங் பெல்ட்டும்

நான் காப்புக் கட்டிக்கொண்டது பக்தியினால் அல்ல. கொஸ்லந்தையில் என் மச்சான், மனைவியின் தம்பி, புதிதாக வாங்கியிருந்த வேனைப் போய்ப் பார்த்து, இரண்டு நாள் தங்கிப் புகழ்ந்துவிட்டு வருவதிலிருந்து தப்புவதற்காக. ஹல்துமுல்லைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள் அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. நூலை அறுக்கவும் கூடாது. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே ஆபீஸ் கிளார்க்காக இருந்த எனக்கு இதைவிடக் கௌரவமான ஒளிவிடம் கிடைத்திருக்காது.

வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் பூசாரி மஞ்சள் துண்டு முடிந்த நூலை மந்திரம் சொல்லிக் கட்டினார். என் முறை வந்தபோது ஒரு கணம் முகத்தைப் பார்த்தார். பிறகு மஞ்சள் துண்டில்லாத நூல் ஒன்றை மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டார். மஞ்சள் தீர்ந்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றே ஆபீஸ் போனில் மச்சானைக் கூப்பிட்டு, விரதத்தின் புனிதத்தைப் பற்றிக் கால் மணி நேரம் உரையாற்றினேன்.

மூன்றாம் நாள் மனைவிக்குக் கடிதம் வந்தது. அவள் தோட்டப் பாடசாலையில் ஆறு வருடமாக, நிரந்தர வேலையில்லாத தொண்டர் ஆசிரியை. நிரந்தர நியமனத்துக்கு நேர்முகத் தேர்வு, பதுளையில், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அன்று மாலையே எங்கள் பழைய ஜப்பான் கார், தொழிற்சாலை வளைவில் ஒரு சின்ன ‘டப்’புடன் நின்றது. எஞ்சினின் மேல், கீழ்ச் சக்கரங்களைச் சேர்த்து ஓட்டும் டைமிங் பெல்ட் அறுந்துவிட்டிருந்தது.

லைசன்ஸ் அவளிடம் இருந்தது. ஓட்டத்தான் கார் இல்லை. பண்டாரவளை மெக்கானிக் அடுத்த வாரம்தான் வருவேன் என்று சொல்லியனுப்பினார். நேரில் போய்க் கெஞ்ச எனக்கு வழியில்லை, எல்லை இருந்தது. நானே போட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். தைரியம் தந்தது பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு கார்க் கையேடு. அதை மூன்று முறை படித்திருந்தேன், மொழிநடைக்காக. வீண் அடைமொழி ஒன்றுகூடக் கிடையாது.

கொழுந்து லொறி டிரைவரிடம் அறுந்த பெல்ட்டை மாதிரிக்குக் கொடுத்துப் புதியது வாங்குவித்தேன். புதன்கிழமை முழுக்கக் கழற்றினேன். வியாழன் காலை தோட்டத்தின் ஒரே பஸ் ஹார்ன் அடித்தபோது, மனைவி சேலை உடுத்தி, பைலை மார்போடு அணைத்து வாசலில் நின்றாள்.

“என்னங்க, நான் பஸ்ஸுக்கே போயிரட்டுமா?”

“அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்.”

நம்பினாள். பஸ் போய்விட்டது.

உண்மையில் முடிந்தும்விட்டது. மேல் சக்கரத்துப் புள்ளியும் கீழ்ச் சக்கரத்துப் புள்ளியும் தத்தம் இடத்தில் நின்றன, பெல்ட் ஏறியிருந்தது. இனி ஸ்பேனரால் எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றிச் சரிபார்க்க வேண்டும் என்றது கையேடு. இடது கையால் சுற்றினேன். காப்புக் கட்டிய வலது கை பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. இரண்டாவது சுற்றில் காப்பு நூலின் தொங்கிய முனை பெல்ட்டுக்கும் கீழ்ச் சக்கரத்தின் பற்களுக்கும் இடையே போய், மணிக்கட்டை எஞ்சினோடு சேர்த்துக் கட்டியது.

முன்னால் சுற்றினால் கை உள்ளே போகும். பின்னால் ஒருபோதும் சுற்றாதே என்று கையேடு தடித்த எழுத்தில் சொல்லியிருந்தது. அறுக்காதே என்று சொன்னது அம்மன். இரண்டு சாத்திரங்களுக்கு நடுவே குனிந்து நின்றேன்.

மனைவி கத்திரிக்கோலோடு வந்தாள். வேண்டாம் என்றேன். அறுத்துவிட்டால் அவள் தம்பியிடம் ஆற்றிய அந்த உரை என்னாவது? கத்திரிக்கோலை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

“சரி, நீங்க நில்லுங்க. எனக்கு இன்டர்வியூ இருக்கு.”

ஆபீஸுக்கு நடந்துபோய்த் தம்பிக்குப் போன் செய்தாள். முக்கால் மணி நேரத்தில் வேன் வந்து நின்றது. பொனட்டுக்குள் குனிந்திருந்த எனக்குப் பேட்டரி மட்டும்தான் தெரிந்தது.

“என்னா மச்சான், காருக்குள்ளயே குடிபோயிட்டீங்களா?”

மச்சான் கார்க் கூரையைத் தட்டினார்.

“நம்ம வேன் எப்புடி?”

“ரொம்ப நல்லா இருக்கு.”

“பாக்காமயே சொல்றீங்க?”

“சத்தத்துலயே தெரியுது.”

அவர் சீட்டிலிருந்து தொடங்கினார். கதவு, கண்ணாடி, பாட்டுப்பெட்டி என்று ஒவ்வொன்றாக வந்தார். ஒவ்வொன்றுக்கும் நான் பேட்டரியிடம் ஆமோதித்தேன். மனைவி ஹார்னை அழுத்திய பிறகுதான் கிளம்பினார்.

அவர்கள் போன பின்புதான், பெல்ட்டை இறுக்கும் சிறு சக்கரத்தின் நட்டைத் தளர்த்தினாலே கை வந்துவிடும் என்பது நினைவுக்கு வந்தது. அதற்கான ஸ்பேனர் வாசற்படியில் இருந்தது. லயத்து வீடுகளின் ஆட்களெல்லாம் காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டார்கள். கூப்பிட்டுப் பார்த்தேன், ஒரு கோழி வந்து எட்டிப் பார்த்தது. இடுப்பு முதலில் வலித்தது, பிறகு என்னுடையதாக இல்லாமல் போனது. ஒளிந்துகொள்ள நானே தேடிக்கொண்ட அறை. வெளியிலிருந்து யாரோ பூட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

தொழிற்சாலையில் பகல் சங்கு ஊதிய பிறகு, திருவிழா லைட்டுக்கு ஆபீஸ் அனுமதிக் கடிதம் கேட்டுப் பூசாரி வந்தார். குனிந்து பார்த்தார். மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நறுக்கென்று ஒரு வெட்டு. பிறகு, கடிதம் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

மாலை மனைவி திரும்பி வந்தபோது கார் ஓடியது. பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தாளாம். அடுத்த பாடசாலைத் தவணையிலிருந்து நியமனமும் வந்தது. காரைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. காப்பு அவிழ்க்கும் நாளில் வெறுங்கையோடு வரிசையின் கடைசியில் நின்று, அறுத்ததற்குப் பரிகாரம் என்ன என்று பூசாரியிடம் கேட்டேன்.

“பரிகாரமா? எதுக்குங்க?” என்றார். “உங்களுக்குக் கட்டுனது காப்பு இல்லீங்களே, சும்மா நூலு. ஆபீஸ் ஐயாமாரு எப்புடியும் நடுவுல ஏதாச்சும் பண்ணிருவீங்க. அதுல அம்மாள எதுக்குங்க இழுக்கணும்?”