என் வீட்டுக்காரரின் படக்கதையை நான் ரிஜெக்ட் செய்தது

மலேசியாவில் கூலிம் என்ற ஊரில் ஒரு சிப் தொழிற்சாலையில் எனக்குத் தரச் சோதனை வேலை, கியூசி என்பார்கள். உருப்பெருக்கியின் அடியில் வரும் துண்டுகளில் கீறல், கறை, உடைந்த ஓரம் எது தெரிந்தாலும் எடுத்து ரிஜெக்ட் தட்டில் வைக்க வேண்டும். அதே தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை என் வீட்டுக்காரர் ஓட்டுகிறார். பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் எங்களை ஏற்றிக் காலையில் இறக்கிவிட்டால், மாலை வரை அவர் சும்மாதான். பஸ்ஸை நிழலில் நிறுத்திவிட்டு கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருப்பார். அப்படி மாட்டியதுதான் அந்தப் படக்கதை.

அமெரிக்காவில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை செய்யும் ஒருவன் வரைவது. வாரம் ஒரு பக்கம் தன் இணையதளத்தில் போடுவான். ஜப்பான்காரர்களின் மங்கா மாதிரியே வரைய வேண்டும் என்று ஆசை அவனுக்கு. கதையும் ஜப்பானில்தான் நடக்கிறது. ஒரு பள்ளிக்கூடப் பெண் லிப்டில் ஒரு வாளைக் கண்டெடுக்கிறாள். வாள் பேசும், நிறையவே பேசும்.

ஒரு வெள்ளிக்கிழமை பீசாங் கோரெங் வாங்கிக்கொண்டு வந்தார். வாழைப்பழம் பொரித்ததை அவராக வாங்கி வந்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

"இந்தக் கதைய நீ ஒரு தடவ படிச்சுப் பாரு லா. நல்லா இருக்கா இல்லையான்னு சொல்லு."

"உங்களுக்குப் புடிச்சிருக்குல்ல, அது போதாதா?"

"நீ கொற கண்டுபிடிக்கிற ஆளு. உண்மையா சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை துணி மெஷினைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதல் பக்கம் என்ற பட்டனை அழுத்தினால் கடைசிப் பக்கத்துக்குப் போனது. கதாநாயகிக்கு ஒரு தம்பி உண்டு என்பது தெரியும் முன்பே அவன் செத்துப்போனது எனக்குத் தெரிந்துவிட்டது. கருப்புப் பின்னணியில் ஊதா எழுத்து, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் படித்தேன். அடுத்த பக்கத்துக்கான பட்டன் ஓர் இடத்தில் நிற்காது. படம் நீளமாக இருந்தால் கீழே போகும், குட்டையாக இருந்தால் மேலே வரும். அது இருந்த இடத்தில் இளைப்பதற்கான தேநீர் விளம்பரம் வந்து உட்காரும். அந்தத் தேநீர்க் கடைக்குள் நான் மூன்று தடவை போய் வந்தேன்.

பழைய பக்கங்களைத் தேடலாம் என்றால் வெறும் தேதிகள்தான் வரிசையாக இருந்தன. எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

முதல் அறுபது பக்கங்களை ஜப்பான் முறைப்படி வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அறுபத்தொன்றாம் பக்கத்தில், வாசகர்கள் குழம்புவதால் இனி இடமிருந்து வலம் என்று ஓர் அறிவிப்பு. அதைக் கவனிக்காமல் பத்துப் பக்கம் பதிலை முதலிலும் கேள்வியைப் பிறகும் படித்திருக்கிறேன். வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

படத்தைப் பற்றி என்ன சொல்வது? பாதி முகம் கண். முகவாய்க்கட்டையால் தேங்காய் உடைக்கலாம். எல்லாருடைய கைகளும் சட்டைப் பைக்குள்ளோ, முதுகுக்குப் பின்னாலோ, சட்டையின் நீளக் கைக்குள்ளோ இருந்தன. அவனுக்குக் கை வரைய வராது என்பது இருபதாவது பக்கத்திலேயே புரிந்தது. நூடல்ஸ் சாப்பிடும்போதுகூட பின்னால் ரயில் பறக்கிற மாதிரி வேகக் கோடுகள். கோபம் வந்தால் ஆள் திடீரென்று குள்ளமாகி தலை மட்டும் பெரிதாகிவிடும். தம்பியின் சாவு வீட்டிலும் அப்படித்தான்.

"என்ன, எங்க இருக்க?" என்று கூடத்திலிருந்து கேட்டார்.

"வாள் சண்டைப் போட்டியில. ஆறாவது அத்தியாயத்துல ஆரம்பிச்சது, பதினெட்டு வரைக்கும் வந்துட்டேன், இன்னும் மொத ரவுண்டு முடியல."

"அது போகப் போக நல்லாருக்கும்."

"எங்க போக?"

அத்தியாயத்துக்கு ஒரு புது மாணவன் வந்து வகுப்பில் சேருவான். நான் எண்ணியவரை பதினான்கு பேர். நடுநடுவே வரைகிறவனே பூனை வேடத்தில் வந்து, கிடங்கில் ஓவர்டைம், இந்த வாரம் பக்கம் இல்லை, மன்னிக்கவும் என்பான். அந்தப் பூனைகளையே சேர்த்தால் ஓர் அத்தியாயம் தேறும்.

ஐந்தாவது அத்தியாயத்துக்கு மட்டும் நான் திரும்பிப் போய்க் கொஞ்சம் நின்றேன். தாமதமாக ஓடிவரும் அந்தப் பெண்ணுக்காக ஒரு பஸ் டிரைவர் காத்திருக்கிறார். அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்த கை உண்மையான கையாக, நகமும் முட்டியும் உள்ள கையாக இருந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"மொதல்ல கதவ வலது பக்கம் வரைஞ்சிருந்தான். ஜப்பான்லயும் நம்ம மாதிரிதான் ஓட்டுவாங்க, கதவு இடது பக்கம் வரணும்னு நான்தான் எழுதினேன். மாத்திட்டான்."

தொழிற்சாலையில் எழுதுகிற மாதிரியே ஆங்கிலத்தில் எழுதினேன். படம், கதை, இணையதளம் என்று மூன்று தலைப்பு, ஒவ்வொன்றின் கீழும் குறைகள், முடிவில் மூன்றுக்கும் ரிஜெக்ட். பஸ் அத்தியாயத்தில் குறையில்லை என்று ஒரு வரி. அவர் கைப்பேசிக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தார்.

"நீ எழுதினத அப்படியே போட்டுட்டேன்."

"எங்க போட்டீங்க?"

"அவன் பக்கத்துக்கு அடியில, கருத்து போடற எடத்துல. எம் பேர்லதான். கீழ மை வைஃப், கியூசின்னு போட்டிருக்கேன்."

அடுத்த வாரம் பக்கம் வரவில்லை. பூனையும் வரவில்லை. சில காலம் வரையப் போவதில்லை என்று ஒரே ஒரு வரி இருந்தது.

அவர் முகம் தொங்கிவிட்டது. பஸ்ஸில் ரேடியோவைக்கூடப் போடவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் என்னிடம் குனிந்து, "என்னக்கா, அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றாள்.

"அமெரிக்காவுல ஒருத்தன் லீவு எடுத்துட்டான்," என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

வீட்டில் எனக்குப் பொறுக்கவில்லை. "உண்மையா சொல்லுன்னு நீங்கதான கேட்டீங்க?"

"என்கிட்ட சொல்லச் சொன்னேன்."

"அப்ப அவனுக்கு ஏன் போட்டீங்க?"

"கதவப் பத்திச் சொன்னப்ப மாத்தினான் இல்ல. இதுவும் அவனுக்கு உதவும்னு நெனச்சேன்."

அவனுக்கு நானே எழுதுகிறேன் என்றேன். ரிஜெக்ட் தட்டு குப்பைத் தொட்டி அல்ல, அதில் பாதி திருத்த வேலைக்குப் போய் நல்லதாகத் திரும்பி வரும் என்று விளக்கி, நிறுத்தாதே, உன் பஸ் டிரைவருக்காக இங்கே ஒரு பஸ் டிரைவர் காத்திருக்கிறார் என்று முடித்தேன். அவனுடைய தளத்தில் கடிதம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அனுப்பு என்பதை அழுத்தியதும் எழுதியது முழுவதும் அழிந்துபோனது. போனதா போகவில்லையா என்று ஒரு வார்த்தைகூட வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுதி அவரிடமே கொடுத்தேன். அவர் அதை அவன் பக்கத்தின் அடியில் போட்டார்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அவன் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம், கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போயிருந்தானாம். நான் எழுதியதற்கும் அவன் நிறுத்தியதற்கும் சம்பந்தமே இல்லை. என் குறைப் பட்டியலை அச்செடுத்து மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறான், பட்டனைச் சரிசெய்துவிட்டான், கை வரையப் பழகுகிறான். போட்டியில் மட்டும் இன்னும் ஒன்பது ரவுண்டு பாக்கி, அதை மாற்ற முடியாது என்று எழுதியிருந்தான். ஐந்து வாரமாக நான் சோறு இறங்காமல் இருந்தது எதற்கு என்று ஆத்திரமாக வந்தது.

கடைசியில் ஒரு கேள்வி: வெளியிடும் முன் பக்கங்களை உங்கள் மனைவி பார்த்துத் தருவாரா? நான் படித்து முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் சரி என்று பதில் அனுப்பிவிட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அமெரிக்காவிலிருந்து பக்கங்கள் வருகின்றன. போன மாதம் இரண்டைத் திருப்பி அனுப்பினேன். ஒன்றைத் திருத்திவிட்டான். இன்னொன்று ஏன் அப்படியே இருக்க வேண்டும் என்று நீளமாக வாதாடியிருக்கிறான். சொல்லிப் புலம்பலாம் என்று கூடத்துக்குப் போனால் இவர் காதைப் பொத்திக்கொள்கிறார்.

"என்கிட்ட கதையச் சொல்லாத. வெளிய வந்ததும் நானே படிச்சுக்கிறேன்."