சீல் விழுந்த சீட்டு

மருந்துக் கடை வேலை என்றால் கால் வலிக்கும் என்பார்கள். அதைவிட வலிப்பது, நோயாளி வீட்டு ஆளின் முகத்தைப் பார்த்து ‘மாஃபி, இல்லை’ என்று சொல்வது. கவுண்டருக்கு உள்பக்கம் நின்று பிழைத்தவர்கள் இதைப் படித்தால் இங்கேயே தலையை ஆட்டிவிடுவீர்கள்.

எழுபதுகளில் நான் குவைத் ஃபஹாஹீலில் ஒரு மருந்துக் கடையில் இருந்தேன். கீழக்கரைக்காரன், படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி.

பூட்டு அலமாரி

எங்கள் மருந்தாளர் நபீல் சார், எகிப்துக்காரர். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி. சாவி அவரிடம் மட்டும். தூக்க மாத்திரை, அபின் ஜாதி வலி மாத்திரை எல்லாம் அதற்குள். அந்த மருந்துகளுக்கு விதி தனி. டாக்டர் எழுதிய சீட்டில் ஒரு கடை சீல் குத்திவிட்டால் சீட்டு அந்தக் கடையோடது. வேறு கடையில் வாங்க வேண்டுமானால், சீல் குத்திய கடை தன் புத்தகத்தில் அதை அடித்துவிட்டு, சீட்டின் பின்பக்கம் போகிற கடையின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதுவும் ஒரே தடவைதான்.

கிரேன் ஓட்டுகிற முனியாண்டி ஒருநாள் குவைத் சிட்டியில் ஒரு கடை சீல் குத்திய தூக்க மாத்திரைச் சீட்டோடு வந்தார். கேம்ப் மாறி ஃபஹாஹீலுக்கு வந்துவிட்டாராம். நபீல் சார் தள்ளிவிட்டார். நான் விதியைச் சொன்னேன். அங்கே கஃபீல், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளி, ரிலீஸ் எழுதிக் கொடுத்தால்தான் ஆள் வேறு வேலைக்கு மாற முடியும். முனியாண்டி சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மனுசனுக்குத்தான் கஃபீல் ரிலீஸ் கொடுக்கணும்னு நெனச்சேன். தூக்க மாத்திரைக்குமா பாய்?”

கை அவசரம்

காலையில் வருகிறவர்கள் எல்லாம் டியூட்டிக்கு ஓடுகிறவர்கள். அவர்களை நிற்க வைக்க வேண்டாமே என்று, வந்த சீட்டுகளை மொத்தமாக வாங்கி வரிசையாக சீல் குத்தி அடுக்குவது என் வழக்கம். கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு நினைப்பு.

ஒரு வியாழக்கிழமை பதினோரு மணி இருக்கும். பக்கத்து மங்காஃபில் குடும்பத்தோடு இருந்த ராமநாதன் சார் வந்தார். எண்ணெய்க் கம்பெனியில் படம் வரைகிற வேலை, திருச்சிக்காரர். அவர் வீட்டம்மா விசாலத்துக்குப் புற்றுநோய், எலும்பு வரை போய்விட்டது. முப்பது வலி மாத்திரைக்குச் சீட்டு. வீட்டில் இருந்தது முந்தின இரவோடு தீர்ந்திருந்தது. டாக்டரோ சனிக்கிழமைதான் திரும்புவார். நான் பழக்கத்தில் டக்கென்று குத்திவிட்டேன். அப்புறம்தான் நபீல் சார் அலமாரியைத் திறந்தார். உள்ளே இருந்தது நாலு மாத்திரை.

அவர் சீட்டையும் என் கையையும் பார்த்தார். அரைகுறை உருதுவில் அவர் சொன்னது தமிழில் இப்படித்தான் வரும்: “திறந்து பார்க்கிறதுக்கு முன்னாடி யார் உன்னைக் குத்தச் சொன்னது? இப்ப அந்தப் பொம்பளையோட வலி நம்ம கடையோடது ஆயிடுச்சு.”

நாலா, முப்பதா

போனைச் சுற்றிச் சுற்றி, கடைசியில் சால்மியாவில் ஒரு கடையில் முப்பது மாத்திரையும் இருக்கிறது என்று தெரிந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்கு அவர்கள் மூடிவிடுவார்கள், கால் மணியில் போய்ச் சேருகிற தூரமும் இல்லை. மறுபடி நாலு மணிக்குத்தான். சீல் மட்டும் இல்லையென்றால் பதினோரு மணிக்கே ராமநாதன் சார் சீட்டைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போயிருப்பார்.

இன்னொரு சிக்கல். இங்கே ஒரு மாத்திரை கொடுத்தாலும் சீட்டை மாற்ற முடியாது. நாலை வாங்கினால் இன்றைக்கு வலி அடங்கும். வெள்ளிக்கிழமை முழுக்க ஒன்றும் கிடையாது. வாங்காவிட்டால் நாலு மணி வரை வலி; அதுவும் வெறும் வயிற்று வலியா, எலும்புக்குள் வலி. ராமநாதன் சார் கார் சாவியை எடுத்தார். “அவளையே கேட்டுடலாம், வாங்க பாய்” என்று என்னைக் காரில் ஏற்றினார். நபீல் சார் கடையை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மா கட்டிலில் சுருண்டு கிடந்தார். பக்கத்து வீட்டுக்காரம்மா காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் தப்பை மறைக்காமல் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். “நாலு மணின்னா நாலு மணியா, இல்ல கடைக்காரங்க நாலு மணியா?” என்றார். முடிவையும் அவரே சொன்னார்: “நாலும் அலமாரியிலேயே இருக்கட்டும். முப்பதையும் வாங்கிட்டு வாங்க. நான் சுவத்தைப் பாத்துக்கிட்டுக் கிடக்கிறேன்.”

சால்மியா வாசல்

கடைக்குத் திரும்பியதும் நபீல் சார் புத்தகத்தில் அடித்து, சீட்டில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி என் கையில் கொடுத்தார். கடை மாற்றி எழுதிய சீட்டு வாங்குகிறவர் கையில் போகக் கூடாது என்பதும் விதி. சால்மியாவில் ஷட்டருக்கு முன்னால் காரில் உட்கார்ந்திருந்தோம். ராமநாதன் சார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மனப் பாரம் குறைந்து வெயிலாவது உறைத்திருக்கும்.

நாலு மணி ஆனது. ஷட்டர் திறந்தது நாலே கால் தாண்டி. அந்த மருந்தாளர் உறையைப் பிரித்துப் படித்து, போனில் நபீல் சாரைப் பிடித்து ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தார். “சரக்கே இல்லாமல் சீல் எப்படி விழுந்தது?” என்று என்னைக் கேட்டார். நான்தான் குத்தினேன் என்றேன். ராமநாதன் சாரிடம் கையெழுத்து வாங்கி, முப்பதையும் எண்ணிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “பத்திரம். இந்தச் சீட்டு இனி எந்தக் கடைக்கும் போகாது.”

ஆறு மணி

மங்காஃப் போய்ச் சேர ஐந்தரை ஆகிவிட்டது. அந்த அம்மாவின் கீழுதட்டில் பல் பதிந்து ரத்தம் காய்ந்திருந்தது. மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் கதவோரம் நின்றேன். போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஆறு மணிக்கு மேல் இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. என்னைத் தேடிப் பார்த்தார்.

“இன்னுமா நிக்கிறீங்க? போய்ச் சாப்பிடுங்க பாய். நாளையிலிருந்து சீல் குத்தறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விட்டுட்டுக் குத்துங்க.”

அதற்கப்புறம் எட்டு வருஷம் அந்தக் கடையில் இருந்தேன். ‘இந்த ஆளுக்கு சுறுசுறுப்புப் போதாது’ என்று கடை முதலாளி கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார், நானும் அதை மறுத்ததில்லை.