டிராகனுக்குப் போட்ட முட்டை

ஏரியில் இறங்கிவிட்டால் என் அம்மாவுக்கு வாய் கிடையாது. எங்கள் ஊரான தோணிரேவுப் பக்கம் பெண்கள் வலையில்லாமல் கையாலேயே இறால் பிடிப்பார்கள். கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவ வேண்டும். அகப்பட்டதைப் போட ஒரு பனையோலைப் பறி. அதைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். கரையில் ஓயாமல் பேசுகிற அம்மா பறியைக் கடித்ததும் ஊமையாகிவிடுவாள். நான் என்ன கேட்டாலும் "ம்ம்" மட்டும்தான்.

எனக்கும் இறங்க வேண்டும் என்று ஒரே அடம். எட்டு வயது. ஒருநாள் அம்மா விரல்களை விரித்துக் காட்டினாள். எல்லாம் வெட்டும் கீறலும்.

"தண்ணிக்குள்ள பெரிய பாம்பு கீதுடி. என்னையே இன்னா கடி கடிச்சு வச்சுக்கீது பாரு. சின்னப் பொண்ணுன்னா அப்படியே முழுங்கிடும்."

நான் பயந்துபோய் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போவேன் என்பது அவள் எண்ணம். பயந்தேன்தான். ஆனால் எனக்காக இல்லை, அவளுக்காக.

அந்த வாரமே டீச்சர் ஒரு படப் புத்தகத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அதில் எங்கள் பாம்புக்கு டிராகன் என்று பெயர். பார்த்தால் உலகம் முழுக்க இந்தத் தொல்லை இருந்திருக்கிறது! வெள்ளைக்காரர் கதையில் ஒன்று ஊர் ஏரியில் கிடந்துகொண்டு தினமும் இரண்டு ஆடு கேட்டது. ஜப்பானில் எட்டுத் தலையோடு ஒன்று வந்து வருஷத்துக்கு ஒரு பெண்ணை விழுங்கியது; எட்டுத் தொட்டியில் சாராயம் வைத்து அதை மயக்கினார்கள். சீனாவில் இருப்பது மட்டும் நல்ல டிராகன், மழை கொடுக்கும். எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. வயிறு நிறைந்தால் அது சும்மா கிடக்கும். ஆட்டுக்கு நான் எங்கே போவேன்? சாராயம் வீட்டில் இருந்தது. ஆனால் நைனாவின் பாட்டிலைத் தொட்டால் என்னை முழுங்க டிராகன் தேவையில்லை, நைனாவே போதும். மிச்சம் இருந்தது சத்துணவு முட்டைதான்.

சத்தியமாகச் சொல்கிறேன், முட்டை என்றால் எனக்கு உயிர். ஆனாலும் மூன்று நாள், ஓடு உரிக்காமல் பாவாடையில் மறைத்து எடுத்துவந்து, அம்மா வழக்கமாகத் தடவுகிற இடமாகப் பார்த்து வீசினேன். "எங்கம்மாவ உட்டுடு, இத்த துன்னுக்கோ" என்று சொல்லியும் வைத்தேன்.

மூன்றாம் நாள் முட்டை அம்மா கையிலேயே அகப்பட்டுவிட்டது. பொழுது சாய வீட்டுக்கு வந்தவள், இறாலுக்கு நடுவிலிருந்து அதை எடுத்தாள். ஓட்டின்மேல் சத்துணவு முத்திரை அழியாமல் இருந்தது. போச்சு, இன்றைக்குத் திட்டுதான் என்று நின்றேன். பாம்புக்குப் போட்டது என்று நானே உளறிவிட்டேன். அம்மா ஓட்டை உரித்து எனக்கு ஊட்டிவிட்டாள்.

"அதுக்கு முட்ட வேணாமாம். உன் பொண்ணு துன்னட்டும்னு அதுவே குடுத்தனுப்புச்சு."

அடடா, எவ்வளவு நல்ல டிராகன்! சீனாவிலிருந்து வந்ததுதான், சந்தேகமே இல்லை. பிறகு எனக்கென்ன பயம்?

சனிக்கிழமை வெயில் ஏறியதும், ஏரியில் தடவிக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கினேன். அவள் மாதிரியே குந்தி, சேற்றில் கையை விட்டேன். முதல் தடவலிலேயே நண்டு கவ்வியது. என் அலறலைக் கேட்டுத் திரும்பிய அம்மா, "அடிப்பாவி!" என்று கத்தினாள். கத்த வாயைத் திறந்ததும் பறி விழுந்து கவிழ்ந்தது. காலை முழுக்கத் தடவிச் சேர்த்த இறாலெல்லாம் ஏரியோடு போயிற்று. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைக் கரைக்கு இழுத்துவந்து முதுகில் இரண்டு வைத்தாள். அதற்குமுன் அவள் என்னை அடித்ததே இல்லை. பிறகு ரத்தம் வந்த என் விரலைத் தன் வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அந்தப் பாம்பு நல்லதுனு நீதானம்மா சொன்ன?"

"நல்லது இல்லடி. கெட்டது, ரொம்பக் கெட்டது. உன் கைல அது பல்லு படக் கூடாது. நீ கரையிலயே நில்லு."

"அப்ப நீ மட்டும் இன்னாத்துக்கு எறங்குற?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கரையோரம் மிதந்துவந்த காலிப் பறியை எடுத்தாள். அதைப் பல்லால் கடித்துக்கொண்டு திரும்பவும் ஏரிக்குள் நடந்தாள்.

பறி வாயில் இருப்பதால்தான் பதில் சொல்லவில்லை என்று நினைத்தேன். கரையேறியதும் சொல்வாள் என்று விரலைச் சப்பிக்கொண்டு காத்திருந்தேன்.