சீட்டுக்காக மவுத்தான சீனி முகம்மது

தொண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ‘தம்மாம் ஜூஸ் சென்டர்’ என்று ஒரு கடை இருக்கிறது. அங்கே சாத்துக்குடி பிழிந்துகொண்டிருக்கும் சீனி முகம்மது போன வருஷம் கொஞ்ச நாள் மவுத்தாகிப் போயிருந்தார். காகிதத்தில்தான். நோய் நொடி ஒன்றும் இல்லை, கடலிலும் விழவில்லை. மகள் தஸ்னீமுக்குப் பெரிய காலேஜில் ஒரு சீட்டு வேண்டியிருந்தது, அதற்காக மனுஷன் மனமுவந்து உயிரை விட்டார்.

எல்லாம் பதினொன்றாம் வகுப்பால் வந்த வினை. தஸ்னீம் பத்தாவதில் ஐந்நூறுக்கு நானூற்று எண்பத்தொன்று எடுத்தவள். பன்னிரண்டில் அறுநூறுக்கு ஐந்நூற்று அறுபத்தொன்பது. இரண்டுக்கும் நடுவில், பதினொன்றில், முந்நூற்று இருபத்தேழு. நம் பக்கத்துக் காலேஜ்கள் பதினொன்றை யார் கேட்கிறார்கள்? பன்னிரண்டைக் காட்டினால், வா தாயே என்று உட்காரவைத்துவிடுவார்கள். ஆனால் அவள் ஆசைப்பட்டது வடக்கே இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்துக்கு, சரித்திரம் படிக்க. நூறு பேர் கேட்டால் நாலு பேருக்குத்தான் அங்கே இடம். அந்த நாலு பேரில் வசதியில்லாத பிள்ளை இருந்தால் ஃபீஸ், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளுமாம். ஜூஸ் கடைக்காரர் மகள் அங்கே படிக்க வேறு வழியும் கிடையாது.

விண்ணப்பத்தில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லா மார்க்கையும் கேட்டிருந்தார்கள். கேட்டதோடு விட்டார்களா? மார்க் எங்கேயாவது சரிந்திருந்தால் ஏன் சரிந்தது, அந்தச் சரிவு உங்களை எப்படி மேலான மனிதராக்கியது என்று ஒரு கட்டுரை வேறு எழுதச் சொல்லியிருந்தார்கள். மார்க் குறைந்தால் விளக்குமாற்றைத் தூக்குகிற ஊர் இது. குறைந்ததனால் மேலான மனிதர் ஆனவர் யாரையும் தொண்டியில் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

சீனி முகம்மதுவின் மச்சினன் காஜா நவாஸ்தான் வழி சொன்னார். ராமநாதபுரத்தில் பிரபு என்று ஓர் ஆலோசகர் இருக்கிறார், பெரிய காலேஜ்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் அவர் தொழில் என்று சொல்லி, அப்பனையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். ஏசி அறை, சுழல் நாற்காலி, சுவர் நிறைய பிரபு போயே இராத நாடுகளின் கொடிகள். மார்க் ஷீட்டைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, அந்த வருஷம் வீட்டில் இறந்தது யார் என்பதுதான்.

யாரும் இறக்கவில்லை. புயலில் வீடு போனதா என்று கேட்டார். ஓர் ஓடுகூடப் பறக்கவில்லை. படகு கவிழ்ந்ததா? இவர்களிடம் படகே இல்லை. உம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதே என்று காஜா நவாஸ் கொஞ்சம் நம்பிக்கையோடு சொல்லிப் பார்த்தார். சர்க்கரை எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது என்று பிரபு அதையும் தள்ளிவிட்டார். அந்த வருஷந்தான் மச்சான் சவுதியிலிருந்து ஊருக்கு வந்தாக, நாங்க சந்தோஷமாத்தான் இருந்தோம் என்று காஜா நவாஸ் சொன்னபோது பிரபு பேனாவைக்கூட எடுக்கவில்லை. தஸ்னீமைக் கேட்டால், “சும்மாதான் படிக்கல” என்றாள்.

அவள் போட்டோ எடுக்கக் கீழே போன சமயம் பார்த்து பிரபு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். காலேஜ்காரர்களுக்குக் கண்ணீர் வேண்டும், நல்லா இருக்கிற குடும்பத்தைக் காட்டினால் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள் என்று விளக்கினார்.

“சார், நீங்க தம்மாம்லதான இருந்தீங்க? அங்கனயே தவறிட்டதா வச்சுக்குவோம். பதினொன்னாப்பு படிக்கையில சேதி வந்துச்சு. பிள்ளை ஒடஞ்சு போச்சு, பெறகு எந்திரிச்சு நின்னுருச்சு.”

காஜா நவாஸுக்கு இதில் ஆட்சேபணை இல்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்றால் ஒரு பொய் சொல்லி ஒரு சீட்டு வாங்கக் கூடாதா? அதுவுமில்லாமல், உயிரோடு இருக்கிறவனைச் செத்ததாகச் சொன்னால் அவனுக்கு ஆயுசு கெட்டி என்பார்கள். சாகப்போகிறது அவரில்லையே, அவருக்கென்ன.

சீனி முகம்மது சுவரில் இருந்த கொடிகளுக்குள் சவுதிக் கொடியைத் தேடினார். பதினாறு வருஷம் தம்மாமில் ரொட்டி வேன் ஓட்டியவர் அவர். மகள் பிறந்தது, பல் முளைத்தது, நடந்தது, ஓதக் கற்றுக்கொண்டது எல்லாவற்றையும் போனில்தான் கேட்டார். அப்போது நாம் இருந்ததற்கும் இல்லாததற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது நெஞ்சை அறுத்தது, ஆனால் பொய் என்று தள்ளவும் முடியவில்லை.

“போட்டுக்கங்க தம்பி. புள்ளைக்கு மட்டும் தெரிய வேணாம்” என்றார்.

தஸ்னீம் தன் கைப்பட ஒரு கட்டுரை எழுதித்தான் கொடுத்தாள். பிரபு அதை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, தான் எழுதிய மரணத்தை அனுப்பிவைத்தார். விண்ணப்பத்தின் கடவுச்சொல்லும் அவரிடமே இருந்தது. உனக்கு எதுக்குச் சிரமம் பாப்பா என்று முதல் நாளே வாங்கிவைத்திருந்தார், அவ்வளவு நல்லவர்.

காஜா நவாஸ் வாயில் எந்த ரகசியம் தங்கியது? ரெண்டே நாளில் அக்காள் மெஹருன்னிசாவிடம் உளறிவிட்டார். அவள் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்து புருஷன் முன்னால் நின்றாள்.

“அப்ப நான் இத்தா இருக்கணுமா? நாலு மாசம் பத்து நாளு வெள்ளைச் சீலையக் கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கவா?”

மகளுக்குத் தெரிந்தால் சீட்டு போய்விடும் என்று சீனி முகம்மது கையைப் பிடித்துக் கெஞ்சியதால் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அன்று மத்தியானம் வீட்டில் மணந்த கொடுவாமீன் குழம்பில் ஒரு துண்டுகூட அவர் தட்டுக்கு வரவில்லை. மவுத்தானவுகளுக்கு மீன் எதுக்கு என்று ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். ரசத்தில் மிளகாய் கூடுதலாகவே இருந்தது.

ஒரு மாதத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், லேப்டாப்பில். அன்றைக்குச் சீனி முகம்மது வீட்டுப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று பிரபு கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். செத்தவர் கேட்டால்தானே? கடையைச் சாத்திவிட்டுக் கொல்லைப்புறமாக வந்து அடுப்படிக்குள் ஒளிந்து நின்றுகொண்டார். மெஹருன்னிசா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், அவரைக் கண்டுகொள்ளவில்லை.

கூடத்தில் தஸ்னீம் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் ஓர் அம்மாளும் ஒரு நரைத்தாடிக்காரரும். அந்த அம்மாள் எடுத்த எடுப்பிலேயே, உன் தந்தையின் மறைவுக்கு நாங்கள் மிகவும் வருந்துகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தஸ்னீமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி கேட்டாள். கட்டுரையில் நீ எழுதியிருந்தாயே என்று அந்த அம்மாள் ரெண்டு வரி படித்தும் காட்டினாள். தஸ்னீம் அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

“வாப்பா, இங்க வாங்க” என்று தஸ்னீம் கூப்பிட்டாள்.

அவர் அங்கே நிற்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், கொல்லைக் கதவு போடும் சத்தம் தொண்டி முழுக்கக் கேட்கும். சீனி முகம்மது ஓர் எட்டு எடுத்து வைத்துப் பின்வாங்கினார். வெளியே போனால் சீட்டு போச்சு. போகாவிட்டால் பெற்ற மகள் பொய்க்காரி. வாப்பா என்று அவள் இரண்டாம் தரமும் கூப்பிட்டாள்.

“போங்க. புள்ள கூப்புடுது” என்று மெஹருன்னிசா மீன் கையோடு அவர் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

உயிரோடு எழுந்து வந்து நின்ற மனிதரைப் பார்த்து அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். சீனி முகம்மதுவுக்கு ஆங்கிலம் கேட்டால் புரியும், பேச வராது. தம்மாமில் பாகிஸ்தான்காரர்களோடு பேசிப் பழகிய இந்திதான் வந்தது. புள்ளைக்கு ஒன்றும் தெரியாது, செத்தது நான்தான், என் சம்மதத்தில்தான் செத்தேன், தண்டனை கொடுப்பதென்றால் எனக்குக் கொடுங்கள் என்று சலாம் போட்டுச் சொன்னார். சட்டையில் சாத்துக்குடிச் சாறு வேறு. தாடிக்காரர் குனிந்துகொண்டார், சிரித்தாரா என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது தஸ்னீமிடம் ஒன்றுதான் கேட்டார். அப்படியானால் பதினொன்றில் உண்மையில் என்னதான் நடந்தது?

தஸ்னீம் சொன்னாள். அது விளங்கவேண்டுமென்றால் சவுதிக் குடும்பங்களின் வழக்கம் ஒன்று தெரியவேண்டும். வாப்பா லீவில் வந்தால் வீட்டுக்கே லீவு. பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டு ஏர்வாடிக்கும் நாகூருக்கும் வேன் பிடிப்பார்கள். வீடு வீடாக விருந்து நடக்கும். பிள்ளை புத்தகத்தைத் தொட்டால், வாப்பா போனப்புறம் படிச்சுக்கலாம் என்று உம்மாவே பிடுங்கிவைப்பாள். ரெண்டு மாசத்தில் வாப்பா விமானம் ஏறுவார், வீடு பழையபடி ஆகிவிடும். தெருவில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவரும் எப்ப வந்தீக என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் எப்பப் பயணம் என்றும் கேட்பார்கள்.

அந்தத் தடவை சீனி முகம்மதுவுக்குப் பயணமே இல்லை. ரொட்டிக் கம்பெனி ஆளைக் குறைத்து ஒரேயடியாக அனுப்பிவிட்டது. வேலை போய் வந்தவன் என்று சொல்ல வெட்கப்பட்டு, இன்னும் ரெண்டு மாசத்துல போறேன் என்று தெருவில் சொன்னார், வீட்டிலும் அதையே சொன்னார். ரெண்டு மாசம் முடிந்ததும் மறுபடி ரெண்டு மாசம் என்றார். அப்படியே வருஷம் ஓடியது, வீடும் லீவிலேயே ஓடியது. ஜூஸ் கடை போட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

வாப்பா எந்த நாளும் போய்விடுவார் என்று நினைத்தேன், அதனால் ஒரு நாளைக்கூடப் படித்து வீணாக்கவில்லை என்று தஸ்னீம் ஆங்கிலத்தில் சொன்னாள். மத்தியானமே பள்ளியை விட்டு வந்து அவர் பின்னால் ஸ்கூட்டரில் தேவிபட்டினம் வரை போனதையும், அவருக்கு டீயில் எவ்வளவு சர்க்கரை வேண்டும் என்பதையே அந்த வருஷம்தான் தெரிந்துகொண்டதையும் சொன்னாள். அதனால் மேலான மனிதராக ஆனேனா என்று தெரியவில்லை, ஆனால் அந்த மார்க்குக்காக நான் வருத்தப்படவில்லை என்று முடித்தாள். பக்கத்தில் நின்ற சீனி முகம்மதுவுக்கு எல்லாம் புரிந்தது. அந்த மார்க் வந்த அன்று, போன் பார்த்துக் கெட்டாய் என்று அவளைத் திட்டித் தீர்த்தவர் அவர்தான்.

லேப்டாப்பை மூடியதும், “இத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல தாயி?” என்று கேட்டார்.

“வேல போச்சுன்னு நீங்க எங்கிட்டச் சொன்னீங்களா வாப்பா?” என்றாள் அவள்.

அவளே போய் அவருக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்துச் சீட்டு வந்தது, எல்லாச் செலவும் காலேஜுடையது. உண்மை பேசியதற்காகக் கொடுத்தார்களா, செத்தவரை நேரில் பார்த்த மிரட்சியில் கொடுத்தார்களா, அல்லது அவர்கள் விளம்பரத்துக்கு வெளியிடும் வண்ணப் புத்தகத்தில் போட ராமநாதபுரத்துப் பிள்ளை ஒன்று குறைந்ததா, அல்லாஹ்வுக்கே வெளிச்சம். பிரபுவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. தஸ்னீமின் போட்டோவைப் பெரிதாக அடித்து, எங்கள் மாணவி என்று வாசலில் மாட்டிவிட்டார். அங்கே இப்போது டோக்கன் கொடுக்கிறார்களாம். கடலாடியிலிருந்து வந்த ஒருவர், தான் சாகத் தயாரில்லை, மாமனார் செத்தால் போதுமா என்று கேட்டதாகக் கேள்வி.

ஆவணியில் தஸ்னீம் கிளம்பினாள். ராமநாதபுரம் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றதும் சீனி முகம்மது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் இடம் பார்த்து உட்கார்ந்தும்விட்டார். பயணம் என்றால் அவருக்கு அதுதானே பழக்கம். நீங்க எறங்குங்க, இது உங்க பயணமில்ல என்று மெஹருன்னிசா வெளியே நின்று சொன்ன பிறகுதான் இறங்கினார். தஸ்னீம் கையாட்டினாள். வண்டி போய்விட்டது.

சீனி முகம்மது அங்கேயே நின்றார். வண்டிக்குள் இருப்பவன் அடுத்து என்ன செய்வான் என்பது அவருக்கு அத்துப்படி. வெளியே நிற்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று பதினாறு வருஷத்தில் ஒரு நாளும் அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

“நான் பயணம் போனதுக்கப்பறம் நீ என்ன புள்ள செய்வ?” என்று மெல்லக் கேட்டார்.

“என்ன செய்யிறது, வீட்டுக்குப் போவேன். நீங்க சாப்புட்ட தட்ட மட்டும் மறுநா வரைக்கும் கழுவ மாட்டேன்” என்றாள் மெஹருன்னிசா.

தொண்டி பஸ்ஸில் சீனி முகம்மது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மெஹருன்னிசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவரை அழ விட்டாள்.