ஆலடிப்பத்துக்குப் புழு காட்டிய கிருபைராஜ்

பாளையங்கோட்டையிலிருந்து மேற்கே சேரன்மகாதேவி வரைக்கும் அந்தக் காலத்தில் படப்பெட்டி என்றால் கிருபைராஜ், கிருபைராஜ் என்றால் படப்பெட்டி. தாது வருஷப் பஞ்சத்துக்குத் தாயையும் தகப்பனையும் கொடுத்துவிட்டு, மிஷன் அநாதைப் பள்ளியில் கஞ்சிக்கு நின்ற பிள்ளை அவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. விளக்குத் துடைக்கும் வேலைக்கு விட்டார்கள். அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டே மேலே வந்தார். பள்ளிக்கூடத்தால் ஆளானவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். தன் கையால் ஆளானவனுடைய அருமை அப்படி ஆனவனுக்குத்தான் தெரியும். இதை எழுதுகிறவனுக்கு நன்றாகத் தெரியும்.

சீமையிலிருந்து மிஷனுக்கு வந்த அந்தப் பெட்டி தேக்கைப் போல ஒரு மரத்தால் ஆனது. உள்ளே சீமெண்ணெய் விளக்கு, முன்னால் பித்தளைக் குழலில் பூதக்கண்ணாடி. கண்ணாடியில் எழுதிய படத்தை நடுவில் செருகினால் எதிரே கட்டிய வெள்ளைத் துணியில் அது ஆள் உயரத்துக்கு விழும். மாட்டுவண்டியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் கிருபைராஜ் போவார். வண்டிக்காரன் கேலி செய்வான்.

“என்ன அண்ணாச்சி, பெத்த பிள்ளையக்கூட இப்படி வச்சிருக்க மாட்டீரு போலிருக்கே?”

“பிள்ள விழுந்தா அழும்வே. இது விழுந்தா நான்லா அழணும். கலெக்டரே வந்தாலும் எம்பெட்டி முன்னால இருட்டுலதான் உக்காரணும், தெரியுமா?”

பெருமை அவருக்கு நிறைய உண்டு. இருக்கட்டுமே. சம்பாதித்த பெருமைதானே.

மிஷன் பள்ளிக்கூடங்களுக்கு அப்போது மேற்பார்வையாளராக இருந்தவர் பாக்கியசீலன். பி.ஏ. படித்தவர், நல்லவர், குரல் உயர்த்தாதவர். படம் காட்டிப் பாடம் நடத்தினால் பிள்ளைகள் கூடுதலாகப் படிக்கிறார்களா, இல்லை வேடிக்கைதான் பார்க்கிறார்களா என்று அவருக்கு ஒரு கேள்வி. வாயால் பேசித் தீர்க்கிற ஆள் இல்லை அவர். ஆராய்ச்சியாகவே செய்துவிடுவது என்று இறங்கினார். ஆற்றுக்குத் தென்கரையில் ஆலடிப்பத்து, வடகரையில் நடுவக்கரை. இரண்டும் ஒரே மாதிரி ஊர், வயல் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், ஓராசிரியர் பள்ளி. இரண்டு இடத்திலும் ஒரே பாடம்: வாந்திபேதி எப்படி வருகிறது, எப்படித் தடுப்பது. ஆலடிப்பத்தில் படத்தோடு, நடுவக்கரையில் வெறும் வாய்ப்பேச்சில். அறுப்பு முடிந்ததும் இரண்டு ஊருக்கும் ஒரே பரீட்சை.

“படம் ஜெயிச்சிட்டுதுன்னா ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு பெட்டி வாங்கச் சொல்லி எழுதுவேன்,” என்றார் பாக்கியசீலன். “பெட்டி இயக்குற ஆட்களை நீர்தான் பழக்கணும், கிருபைராஜ்.”

அன்றைக்கு வீட்டுக்குப் போனவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி சாரம்மாள் தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்: “இன்னும் ஒரு பரீட்ச எழுதல, அதுக்குள்ள எல்லாருக்கும் வாத்தியாரா ஆயிட்டீயளாக்கும்?”

ஆலடிப்பத்துப் பள்ளிக்கூடத்தில் நடுப்பகலில் சன்னல்களை ஓலைத் தட்டியால் அடைத்தார்கள். பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வாசலில் தாய்மார்களும் எட்டிப் பார்த்தார்கள். முதல் படம் ஆறு. இரண்டாவது, தண்ணீருக்குள் இருக்கிற பேதிக் கிருமி. கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கி எழுதிய படம். இதைத்தான் ஊர் மறக்கக் கூடாது என்று கிருபைராஜ் பெட்டியைப் பின் சுவர் வரைக்கும் நகர்த்தினார். படம் துணியைத் தாண்டிக் கூரை வரைக்கும் ஏறியது. வளைந்து வளைந்து, மலைப்பாம்புக் குட்டிகள் மாதிரி. பிள்ளைகள் அலறினார்கள். பேச்சித்தாய் என்ற சிறுமி எழுந்து வாசலுக்கு ஓடித் தாய் சுடலைவடிவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கிருபைராஜுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

மூன்றாவது படம்தான் மருந்து. சீமைக்காரர்கள் எழுதிய படம் அது. இரும்பு அடுப்பின்மேல் ஒரு கெண்டி, மூக்கில் ஆவி. பார்த்ததும் ஒருவன் கத்தினான்: “லே, ரயிலுலே!” அவ்வளவுதான். பள்ளிக்கூடமே கூவிக்கொண்டு ரயில் ஓட்டத் தொடங்கியது. அப்பாத்துரை வாத்தியார், “தண்ணியக் காய்ச்சிக் குடிக்கணும், காய்ச்சிக் குடிக்கணும்” என்று தொண்டை கிழியச் சொன்னது முன்வரிசைக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. விளக்கும் மங்கியது. பாடம் முடிந்தது.

கொஞ்ச நாள் கழித்து, அங்கே விட்டுவந்த வெள்ளைத் துணியை எடுக்க கிருபைராஜ் ஆலடிப்பத்துக்குப் போனார். ஊருக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். வீட்டுக்கு வீடு பானை வாயில் துணி கட்டியிருந்தது. பதநீர் வடிகட்டுகிற மாதிரி, தண்ணீரைத் துணியில் வடித்துத்தான் ஊற்றினார்கள். முன்னே அந்த ஊரில் இல்லாத பழக்கம்.

“பாத்தீரா அண்ணாச்சி,” என்று சுடலைவடிவு சிரித்தாள். “எல்லாம் உம்ம படத்தைப் பாத்த பொறவுதான். எம்மவ வடிகட்டாம ஒரு சொட்டு குடிக்க விடமாட்டேங்கா.”

கிருபைராஜுக்கு நெஞ்சு விரிந்தது. “வடிகட்டிட்டுக் காய்ச்சுதியளா?”

“காய்ச்சவா? என்னத்துக்கு? காச்சக்காரிக்குல்லா வெந்நீரு. அம்மாம் பெரிய புழு இந்தத் துணியத் தாண்டியா வந்துரும்?”

பக்கத்தில் நின்ற பேச்சித்தாய் வடித்த துணியை விரித்து வெயிலில் காட்டினாள். “பாரும் மாமா, ஒரு புழுவும் இல்ல. எங்க ஆத்துல புழுவே கெடையாது.”

விரிந்த நெஞ்சு அப்படியே சுருங்கிவிட்டது. புழுவை அவ்வளவு பெரிதாக்கியது யார்? அவர்தான். அதை அந்தத் தெருவில் நின்று அவளுக்கு விளங்கச் சொல்லிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாது, துணிக்குள் நுழைந்துவிடும் என்றார். “அப்போ அன்னைக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?” என்று அந்தப் பிள்ளை கேட்டது. அவர் சொல்லச் சொல்லத் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். படம் காட்டத் தெரிந்த அளவுக்கு அவருக்குப் பேச வராது.

நேரே பாக்கியசீலனிடம் போனார்.

“ஐயா, பிள்ளைங்க தப்பாப் புரிஞ்சிட்டாங்க. இன்னொரு தடவ பாடம் நடத்த விடுங்க. நம்ம ஊரு அடுப்பு, நம்ம ஊரு பானை, அப்படி ஒரு படம் நானே எழுதிக் கொண்டாரேன்.”

பாக்கியசீலன் ஒத்துக்கொள்ளவில்லை. “இப்ப ஒரு ஊருக்கு மட்டும் மறுபடி நடத்தினா ரெண்டு ஊரும் சமமா இருக்காது, கிருபைராஜ். பாடத்தை மாத்திட்டு எதை எதோட ஒப்பிடுறது? எங்க தப்புன்னு தெரியறதுக்குத்தானே பரீட்சையே. அறுப்பு முடியட்டும். பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே நானே வந்து சொல்லுதேன்.”

“அதுக்குள்ள பேதி வந்துட்டுன்னா?”

“இந்த வருஷம் எங்கயும் கேள்விப்படலையே. ஆண்டவர் காப்பார்.”

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் கிடையாது. ஒரு ஊரின் தப்பு இருபது ஊருக்குப் பாடமாகட்டும் என்றுதான் நினைத்தார். கிருபைராஜும் தலையாட்டிவிட்டு வந்தார். பரீட்சையில் பிள்ளைகள் ‘தண்ணீரில் உள்ள புழுவால்’ என்று ஒரே குரலில் சொல்லிப் படத்தை ஜெயிக்க வைத்துவிடுவார்கள் என்கிற நினைப்பும் மனசின் ஓரத்தில் இருந்தது. இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. ஒரு கண்ணாடித் துண்டை விளக்குச் சுடரில் காட்டிக் கரி ஏற்றி, ஊசியால் கீறி, மூன்று கல் அடுப்பும், மண்பானையும், கீழே கொழுந்துவிட்டு எரிகிற தீயுமாக ஒரு படம் எழுதினார். எந்தச் சித்திரக்காரனும் சொல்லிக்கொடுக்காத வேலை. சுவரில் போட்டுப் பார்த்த சாரம்மாள், “நம்ம வீட்டு அடுப்புலா இது!” என்றாள்.

அறுப்புத் தொடங்கிய வாரத்தில் சேரன்மகாதேவிக் கடைத்தெருவில் பேதி என்று செய்தி வந்தது. அடுத்த சந்தை நாளுக்குள் அது ஆற்றோரம் இறங்கிவிட்டது. கிருபைராஜ் யாரையும் கேட்கவில்லை. பெட்டியை எடுத்தார், கரிக்கண்ணாடியை மடியில் கட்டினார். பேதி ஊருக்கு வரமாட்டேன் என்று வண்டிக்காரன் மறுத்துவிட்டான். பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தே போனார்.

ஆலடிப்பத்தில் அதற்குள் பிணம் விழுந்திருந்தது. தெருமுனையில் ஊர்ப் பெரியவர் கொம்பையா ஆட்களோடு மறித்தார். அவருடைய தம்பி மகன் காலையில்தான் போயிருந்தான்.

“நில்லும்வே. அந்தச் சவத்துப் பெட்டிய இறக்கும்.”

“கொம்பையா அண்ணாச்சி, ஒரே ஒரு படம். பாத்துட்டு என்னை என்ன வேணாலும் செய்யும்.”

“எங்க ஆத்துல புழு கெடையாதுவே. எங்க பிள்ளைங்க துணிய விரிச்சு விரிச்சுப் பாத்தாச்சு. புழு இருந்தது உம்ம பெட்டிக்குள்ள. நீரு கொண்டாந்து செவுத்துல விட்டீரு. இப்ப அடுத்த கூட்டத்தை அவுத்துவிட வந்திருக்கீராக்கும்?”

கேட்டால் சிரிப்பு வரும். அங்கே நின்றவர்களுக்குச் சிரிப்பு வராது. அவர்கள் கண்ணால் பார்த்த புழு அந்தப் பெட்டியிலிருந்துதான் வந்தது. பார்த்த பிறகுதான் பேதியும் வந்தது. அவர்களை யார் குற்றம் சொல்ல முடியும்?

பெட்டியைப் பிடுங்கினார்கள். மடியிலிருந்த கண்ணாடி கீழே விழுந்து நொறுங்கியது. “ஆத்துல வீசுங்கலே!” என்று கொம்பையா சொன்னார். ஆட்கள் ஆற்றுப் பக்கம் திரும்பினார்கள்.

சுடலைவடிவு வீட்டு வாசலில் பேச்சித்தாய் பாயில் கிடந்தாள். கண் குழிவிழுந்து, உதடு காய்ந்து, கை நீட்டி நீட்டித் தண்ணீர் கேட்டாள். தாய் துணி கட்டிய பானையிலிருந்து மொண்டாள். பக்கத்தில் அவளுடைய சின்னப் பயலும் தன் பங்குக்கு அதே பானையை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். இதைப் பார்த்த அந்த நொடியில் கிருபைராஜுக்குப் பிறந்ததே, அதைப் புத்தி என்பதா, வேறு என்னவென்று சொல்வதா?

“ஆத்துல போடாதீங்கவே!” என்று கத்தினார். “உள்ள உள்ளது பூரா ஆத்துல கலந்துரும். எரிங்க. இங்கனயே எரிங்க.”

எல்லோரும் நின்றார்கள்.

“எரிச்சு, அந்தத் தீயிலயே தண்ணியக் காய்ச்சுங்க. பெட்டித் தீக்குத்தான் அந்தப் புழு சாவும். இந்தக் கங்க எடுத்து வீட்டுக்கு வீடு அடுப்புல போடுங்க. அணைய விடாதீங்க. அதுல காயாத தண்ணி ஒரு வாய் குடிக்கக் கூடாது.”

கொம்பையா பக்கத்தில் வந்தார். முகத்தோடு முகம் வைத்துக் கேட்டார்: “அப்போ ஒத்துக்கிடுதீரு. புழு உம்ம பெட்டியில வந்ததுதான்.”

இல்லை என்று சொன்னால் பெட்டி ஆற்றுக்குப் போகும், அவர் பேர் நிற்கும், பானை வாயில் துணி அப்படியே இருக்கும், தண்ணீர் காயாது. ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

“ஆமாவே,” என்றார் கிருபைராஜ். “எம்பெட்டிதான் கொண்டாந்துது.”

கொம்பையா விட்ட அறையில் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியை நடுத்தெருவில் போட்டு உடைத்தார்கள். அதன் விளக்கிலிருந்த சீமெண்ணெயையே அதன்மேல் ஊற்றிக் கொளுத்தினார்கள். நல்ல மரம், நின்று எரிந்தது. பித்தளைக் குழல் கறுத்து வளைந்தது. அந்தத் தீயின்மேல் கல் கூட்டிப் பானை ஏற்றியவள் சுடலைவடிவுதான். கொதித்து ஆறுவதற்குள் கங்கு வாங்க வீட்டுக்கு வீடு சட்டியோடு வந்து நின்றார்கள்.

பேச்சித்தாய் பொழுது சாயும்போது செத்துப்போனாள். காய்ச்சிய தண்ணீர் அவளுக்குப் பிந்திவிட்டது. அவளுக்குப் பிறகும் சிலர் போனார்கள். அப்புறம் பைய நின்றது. சின்னப் பயல் பிழைத்துக்கொண்டான்.

மிஷன் விசாரணைக்கு கிருபைராஜைக் கூப்பிட்டது. பெட்டி போனதைப் பற்றிப் பாக்கியசீலன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“ஆமான்னு சொன்னீராமே. நம்ம ஆள் ஒருத்தர் அந்த மூடத்தனத்துக்குச் சாட்சி சொல்லலாமா?”

“சொல்லலைன்னா காய்ச்சியிருக்க மாட்டாங்கய்யா.”

பாக்கியசீலன் சன்னல் பக்கம் பார்த்தார். “அன்னைக்கே உம்ம மறுபடி நடத்த நான் விட்டிருக்கலாம்,” என்றார். வேலையிலிருந்து நீக்கும் உத்தரவிலும் அவரே கையெழுத்துப் போட்டார். ஆலடிப்பத்துக்காரர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். பரீட்சை நடக்கவில்லை. நடுவக்கரையை மட்டும் வைத்துக்கொண்டு எதை ஒப்பிடுவது? ஆராய்ச்சி அதோடு போயிற்று. வேறு பெட்டி யாரும் வாங்கவில்லை.

கிருபைராஜ் பாளையங்கோட்டையில் தெருவிளக்குத் துடைத்துக் காலத்தை ஓட்டினார். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்போதும் நிமிர்ந்துதான் நடப்பார். ஆலடிப்பத்துப் பேச்சை மட்டும் எடுத்தால் வேறு தெருவுக்குத் திரும்பிவிடுவார். அவர் செய்தது மாதிரிச் செய்ய ஒருவனுக்கு எத்தனை பெரிய படிப்பு இருந்தும் வராது. அதை நான் எந்தச் சபையிலும் எழுந்து சொல்லுவேன்.

ஆலடிப்பத்தில் இன்றைக்கும் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க மாட்டார்கள். அடுப்பில் பானையை வைக்கும்போதே, “பேதி கொண்டாந்த பாவி, அவன் வம்சம் வெளங்காது” என்று அவர் பேரைச் சொல்லி வைதுகொண்டேதான் வைப்பார்கள். வையாமல் காய்ச்சினால் புழு சாகாது என்று அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.