பதினோராம் கால்

சிப் செத்துவிட்டது என்று தறிப் போர்டு விற்கிற மதுரைக்காரர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பார்க்கவில்லை, தொடவில்லை. என் கம்ப்யூட்டர் திரையில் வந்த சிவப்பு எழுத்தை நான் படித்துக் காட்டியதோடு சரி. என் கையில்தான் அது கருகியிருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியும் அதைக் கேட்டார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

அண்ணாச்சி எங்கள் தெருவில் நான்கு தறி ஓட்டுகிறவர். அதில் ஒரு தறியில் சேலைக் கரையின் பூவேலையை ஓர் எலக்ட்ரானிக் போர்டுதான் நடத்தும். கரண்ட் ஏறி இறங்கியதில் அந்தப் போர்டு போய்விட்டது. பல வருஷமாக அவரே யோசித்து யோசித்து உருவாக்கிய கரைகள் எல்லாம் அதிலிருந்த சிப்புக்குள் இருந்தன. வேறெங்கும் நகல் கிடையாது. அந்த சிப்பை, சிப்பில் இருப்பதைப் படித்து எழுதும் என் புரோகிராமர் மெஷினில் வைத்துப் படித்து, புது சிப்பில் எழுதி, புதுப் போர்டில் மாட்ட வேண்டும். இருபத்தெட்டு உலோகக் கால் உள்ள சிப். சாக்கெட்டில் உட்கார வைத்து லீவரை மடக்கினால் கால்களை அது கவ்விக்கொள்ளும். இந்த ரிப்பேர் கடையைத் திறந்த நாளிலிருந்து நான் செய்கிற வேலைதான். அன்றைக்கு மட்டும் பதினோராம் கால் சாக்கெட்டைத் தொடவில்லை என்றே திரை திரும்பத் திரும்பக் காட்டியது.

சிப்பை அனுப்பிவைக்கச் சொன்னார் மதுரைக்காரர். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊரெல்லாம் ஓடுகிற பொது டிசைன்களை வேறு சிப்பில் ஏற்றித் தருவாராம். அண்ணாச்சி கையை நீட்டினார்.

"கொடு ஏட்டி. செத்ததைப் பிடிச்சு வச்சுக்கிட்டு என்ன செய்யப்போற?"

"சாகல அண்ணாச்சி. சாயங்காலம் வரைக்கும் தர மாட்டேன்."

அவர் பொருளை அவரிடமே தர மறுப்பது நியாயமா என்றால், இல்லைதான். ஆனால் என் பிடிவாதம் வெறும் வீம்பு இல்லை. எச்சரிக்கையைச் சட்டை செய்யாமல் நான்கு தடவை படித்துப் பார்த்திருந்தேன். நான்கு தடவையும் வேறு வேறு விடை வந்தது. செத்த சிப் பெரும்பாலும் சொன்னதையே சொல்லும். இப்படி மாற்றி மாற்றிப் பேசினால் எங்கேயோ கால் சரியாகப் படவில்லை என்று அர்த்தம். இதை அவருக்கு விளக்கினேன். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

நன்றாக இருக்கும் வேறொரு சிப்பை அதே சாக்கெட்டில் வைத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். அதைத்தான் காலையிலிருந்து நான் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நாள் முன்பு லீவர் இறுகலாக இருந்தது. தறிச் சத்தத்தில் வளர்ந்தவளுக்கு இறுகியது எதுவானாலும் கை எண்ணெய்க் குப்பிக்குத்தான் போகும். இரண்டு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டேன். யாரும் பார்க்கவில்லை. அந்த வேறு சிப்பின் காலும் தொடவில்லையென்றால் குற்றவாளி சாக்கெட் இல்லை, நான்.

வைத்தேன். பதினோராம் கால். அதே சிவப்பு.

"தப்பு சிப்புல இல்ல அண்ணாச்சி. சாக்கெட்டுல நான் எண்ணெய விட்டுட்டேன்."

அவர் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், இது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

புரோகிராமரின் வயரைப் பிடுங்கினேன். கெட்டிக் காகிதத்தை மெல்லிய பட்டைகளாக நறுக்கி, போர்டு துடைக்கிற ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு துளையிலும் நுழைத்து, லீவரைப் பாதி மடக்கி உருவினேன். முதல் பட்டை கன்னங்கரேலென்று வந்தது. எங்கள் தெருக் காற்றில் எப்போதும் பஞ்சு பறக்கும். அது எண்ணெயில் ஒட்டிப் பசையாகியிருந்தது. எட்டாவது பட்டைதான் வெள்ளையாக வந்தது. லீவரை ஏற்றி இறக்கி, ஃபேன் காற்றில் ஈரம் காயவிட்டு, சிப்பின் கால்களை அழிரப்பரால் தேய்த்து மறுபடி உட்கார வைத்தேன். சிவப்பு இல்லை. மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் ஒரே விடை.

சாயங்காலத்துக்குள் புது சிப் தறிக்குப் போய்விட்டது. முதல் முழம் துணியிலேயே அவருடைய மாங்காய்க் கரை வந்தது. அண்ணாச்சி அதைத் தடவிக்கொண்டே நின்றார்.

அப்போது மதுரைக்காரர் அண்ணாச்சிக்குப் போன் செய்தார். சிப் பார்சல் இன்னும் வரவில்லையே என்று கேட்டார். அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது தானா சரியாயிட்டு தம்பி" என்றார். என் தப்பு வெளியூருக்குத் தெரிய வேண்டாம் என்று மூடப் பார்க்கிறார். நல்ல மனசுதான். ஆனால் அந்த இரக்கம் எனக்கு வேண்டாம். அவர் கையிலிருந்த போனை வாங்கினேன்.

"தானா ஒண்ணும் சரியாகல சார். கெடுத்தது நான், சரி பண்ணினதும் நான். உசுரோட இருந்ததைச் செத்துட்டுன்னு சொன்னது மட்டும்தான் நீங்க."